சக்கரம் உருளும்போது சிந்தனையும் சாலையில் இருக்கட்டும்

விமான விபத்து என்றதும் பலரின் மனத்தில் தோன்றுவது வானம்தான். இடி, மின்னல், புயல், நடுவானில் நின்றுபோகும் இயந்திரம் எனக் கற்பனை விரியும். எனினும், விமானம் என்பது பறக்கும் ஊர்தி மட்டுமன்று; தரையில் உருண்டோடும் ஊர்தியும் ஆகும். நிறுத்துமிடத்திலிருந்து ஓடுபாதை வரையிலும், தரையிறங்கிய பின்னர் ஓடுபாதையிலிருந்து நிறுத்துமிடம் வரையிலும் அது தன் சக்கரங்களால்தான் நகர்கிறது. விமானத் துறையினர் இதனை ‘டாக்ஸியிங்’ என்பர். இக்கட்டுரையில் இது ‘தரையோட்டம்’ எனக் குறிப்பிடப்படுகிறது.

தரையோட்டத்தில் வேகம் மிகக் குறைவு. சிறிய விமானங்கள் நெரிசலான இடங்களில் விரைந்து நடக்கும் மனிதனின் வேகத்தில் செல்ல வேண்டும் என்றே பயிற்சி விமானிகளுக்குக் கற்பிக்கப்படுகிறது. இவ்வளவு மெதுவாகச் செல்லும்போது என்ன ஆபத்து நேர்ந்துவிடும் என்று எண்ணத் தோன்றும். அந்த எண்ணமே ஆபத்தின் தொடக்கம் எனலாம். வேகம் குறையும்போது மனம் ஓய்வெடுக்கத் தொடங்குகிறது. கண் வேறு எதையோ தேடுகிறது. வாய் வேறு எதையோ பேசுகிறது. தரையில் நடந்த பல விபத்துகளுக்கு இயந்திரக் கோளாற்றைக் காட்டிலும் கவனச் சிதறலே காரணமாக இருந்துள்ளது. ஆகவே, சக்கரம் உருளும் நேரத்தில் தேவையற்ற பேச்சும் செயலும் கூடாது என்னும் விதி விமானிக்கு மட்டுமின்றி, சாலையில் செல்லும் ஒவ்வொருவருக்கும் பொருந்த வேண்டும்.

முதலில், ஒரு சிறிய விமானத்தைத் தரையில் செலுத்துவது எத்தகைய பணி என்பதை அறிந்துகொள்வது அவசியம். உலகெங்கும் பயிற்சிக்குப் பரவலாகப் பயன்படும் செஸ்னா 172 வகை விமானத்தின் இறக்கைகள் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஏறக்குறைய 11 மீட்டர் நீளமுடையவை. ஒரு மகிழுந்தின் அகலமோ இரண்டு மீட்டருக்கும் குறைவு. அதாவது, ஐந்து மகிழுந்துகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் எவ்வளவு அகலம் வருமோ அதைவிட அகலமான ஊர்தியை விமானி கம்பங்களுக்கும் வேலிகளுக்கும் பிற விமானங்களுக்கும் இடையே நகர்த்துகிறார். அவர் திசையை மாற்றுவது கையால் அன்று, காலால்! பாதங்களுக்குக் கீழ் உள்ள மிதிகளே விமானத்தை இடமும் வலமும் திருப்புகின்றன. அவற்றின் மேற்பகுதியை அழுத்தினால் தடுப்பு வேலை செய்யும். பலமான பக்கக் காற்று வீசினால் இறக்கை தூக்கப்படாதவாறு கையால் கட்டுப்பாட்டுப் பிடியையும் தக்கபடி வைத்திருக்க வேண்டும்.

விமானத்தின் மூக்கில் சுழலும் விசிறியோ இன்னும் ஆபத்தானது. இயந்திரம் மிதமாக இயங்கும்போதே அது நிமிடத்திற்கு ஏறக்குறைய ஆயிரம் முறை சுழலும். அவ்வேகத்தில் விசிறியின் அலகுகள் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவதில்லை. அது ஒரு மனிதர்மீது பட்டால் உயிருக்கே ஆபத்து. தரையிலோ கம்பத்திலோ உரசினாலும் விசிறியோடு சேதம் நின்றுவிடாது. அதிர்ச்சி உள்ளே பரவியிருக்கும் என்பதால் இயந்திரத்தையே பிரித்துச் சோதிக்க வேண்டிவரும். சில வினாடிக் கவனக்குறைவுக்குக் கொடுக்கும் விலை அது.

தரையிலும் விமானிக்குச் சாலை விதிகள் உண்டு. செல்ல வேண்டிய வழியை மஞ்சள் நடுக்கோடு காட்டும். ஓடுபாதைக்கு முன்னால் நான்கு மஞ்சள் கோடுகள் குறுக்கே வரையப்பட்டிருக்கும்; அவற்றுள் இரண்டு முழுக்கோடுகள், மற்ற இரண்டு விட்டுவிட்டு வரைந்த கோடுகள். அருகில் சிவப்புப் பலகையில் வெள்ளை எழுத்தில் ஓடுபாதையின் எண் எழுதப்பட்டிருக்கும். கட்டுப்பாட்டுக் கோபுரம் உள்ள நிலையங்களில் அதன் அனுமதி கிடைக்காத வரை அந்தக் கோடுகளைத் தாண்டக் கூடாது. கோபுரம் கூறும் கட்டளையை விமானி திரும்பச் சொல்லி உறுதிப்படுத்த வேண்டும். இத்தனை ஏற்பாடுகள் இருந்தும் விபத்துகள் நேர்கின்றன என்றால், அந்தக் கோடுகளையும் பலகைகளையும் பார்க்க வேண்டிய கண்கள் அந்த நேரத்தில் வேறு எங்கோ இருந்துள்ளன என்பதே பொருள்.

இதற்கு மிகத் தெளிவான சான்று அமெரிக்காவின் லெக்சிங்டன் நகரில் நிகழ்ந்தது. 2006ஆம் ஆண்டு ஆகஸ்டு 27ஆம் நாள், பொழுது புலர்வதற்கு முன்னர் கோம்ஏர் நிறுவனத்தின் 5191ஆம் எண் விமானம் 50 பேருடன் புறப்பட ஆயத்தமானது. அதற்கு ஒதுக்கப்பட்டதோ ஏறக்குறைய 2,100 மீட்டர் நீளமுள்ள ஓடுபாதை. ஆனால், விமானிகள் திரும்பியது அதில் பாதி நீளமே உடைய வேறோர் ஓடுபாதையில். அந்தப் பாதையில் விளக்குகள் எரியவில்லை. விளக்கில்லாமல் இருப்பது வியப்பாக உள்ளதே என்று துணை விமானி கூறியதும் ஒலிப்பதிவில் பதிவாகியிருந்தது. ஆயினும், விமானம் நிற்கவில்லை. ஓடுபாதை முடிந்தது; விமானம் எழும்ப இடம் போதவில்லை. 49 பேர் உயிரிழந்தனர். துணை விமானி ஒருவரே உயிர் பிழைத்தார்.

இவ்விபத்தை ஆராய்ந்த அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், விமானிகள் தாங்கள் இருக்கும் இடத்தைச் சரிபார்க்கத் தவறியதே காரணம் என அறிவித்தது. தரையோட்டத்தின்போது அவர்கள் பணிக்குத் தொடர்பில்லாத செய்திகளைப் பேசிக்கொண்டு சென்றதும் அத்தவற்றுக்குத் துணைபுரிந்தது என்று அது சுட்டிக்காட்டியது. அவர்கள் அனுபவமற்றவர்கள் அல்லர், குடித்திருந்தவர்களும் அல்லர். உடன் பணிபுரிபவரிடம் இயல்பாகப் பேசிக்கொண்டு சென்ற இருவர். யார் வேண்டுமானாலும் செய்யக்கூடிய அந்தச் சிறிய செயல்தான் அன்று பெரிய இழப்புக்கு வழிவிட்டது.

கவனம் சிதறுவதற்குப் பேச்சு மட்டுமே காரணமாவதில்லை. சில வேளைகளில் ஒன்றன்மீது வைக்கும் மிகையான கவனமே மற்றொன்றை மறைத்துவிடும். 2000ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் எஸ்கியூ 006 விமானம், தைவானின் தைப்பே நகருக்கருகில் புயல் மழைக்கிடையே புறப்பட்டது. விமானிகளின் சிந்தையை அந்தப் புயலே ஆட்கொண்டிருந்தது. கட்டுமானப் பணிக்காக மூடப்பட்டிருந்த ஓடுபாதையில் அவர்கள் திரும்பிவிட்டனர். விமானம் அங்கிருந்த கட்டுமான இயந்திரங்களில் மோதியதில், அதில் பயணம் செய்த 179 பேரில் 83 பேர் மாண்டனர். மூடிய பாதையைத் தடுப்பும் விளக்கும் கொண்டு முறையாகப் பிரித்துக் காட்டாத விமான நிலையத்தின் குறையும் பின்னர்ப் பேசப்பட்டது. எனவே, பழி முழுவதையும் ஒருவர்மீது சுமத்துவது நியாயமாகாது. ஆயினும், கடைசித் தடுப்பாக இருந்திருக்க வேண்டியது விமானியின் கண்கள்தான் என்பதை மறுப்பதற்கில்லை.

எல்லாத் தரையோட்ட விபத்துகளும் உயிரைப் பறிப்பதில்லை. 2024ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள் கொல்கத்தா விமான நிலையத்தில், சென்னைக்குப் புறப்படக் காத்து நின்ற ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தின் இறக்கையில், பக்கத்தில் நகர்ந்து சென்ற இண்டிகோ விமானத்தின் இறக்கை நுனி உரசியது. யாருக்கும் காயமில்லை. ஆனால், இரண்டு விமானங்களும் பறக்க முடியாமல் நின்றன. பயணிகளின் பயணம் தடைப்பட்டது. இண்டிகோ விமானிகள் இருவரும் விசாரணைக்காகப் பணியிலிருந்து விலக்கி வைக்கப்பட்டனர். மார்ச் 27 என்பது விமான வரலாற்றில் மறக்க முடியாத நாளும்கூட. 1977ஆம் ஆண்டு அதே நாளில்தான் ஸ்பெயின் நாட்டின் டெனெரிஃப் தீவில், பனிமூட்டம் சூழ்ந்த ஓடுபாதையில் இரு பெரிய விமானங்கள் மோதி 583 பேர் உயிரிழந்தனர். உலக விமானப் போக்குவரத்து வரலாற்றில் மிக அதிகமான உயிர்களைப் பலிகொண்ட விபத்து வானத்தில் அன்று, தரையில்தான் நடந்தது.

இத்தகைய தவறுகளைத் தடுக்க ஒரு விதி ஏற்கெனவே உள்ளது. 1974ஆம் ஆண்டு செப்டம்பர் 11ஆம் நாள், அமெரிக்காவின் சார்லட் நகருக்கருகில் ஒரு பயணிகள் விமானம் தரையிறங்கும் நேரத்தில் விழுந்து நொறுங்கியது. விமானிகள் அப்போது அரசியலைப் பற்றியும் பழைய மகிழுந்துகளைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தது ஆய்வில் தெரியவந்தது. அதன் பின்னர், 1981ஆம் ஆண்டு அமெரிக்கா ஒரு விதியை நடைமுறைப்படுத்தியது. தரையோட்டம், புறப்பாடு, தரையிறக்கம் ஆகியவற்றின்போதும், பொதுவாக 10,000 அடிக்குக் கீழ்ப் பறக்கும்போதும் விமானி அறையில் பணிக்குத் தேவையற்ற பேச்சும் செயலும் கூடாது என்பதே அவ்விதி. லெக்சிங்டன் விமானிகளையும் இதே விதி கட்டுப்படுத்தியது. அவர்கள் அதனை மறந்ததுதான் துயரம். மேலும், இவ்விதி பயணிகளையும் சரக்குகளையும் ஏற்றிச் செல்லும் நிறுவன விமானிகளுக்கே உரியது. பொழுதுபோக்குக்காகத் தனியார் விமானம் ஓட்டுபவரைச் சட்டம் அவ்வாறு கட்டுப்படுத்துவதில்லை. தரையில் தனியாகத் தடுமாறும் வாய்ப்பு அதிகமுள்ளவர் அவரே. உடன் சரிபார்க்க ஒருவரும் இல்லாத அவருக்குத்தான் இவ்விதி மிகுதியாகத் தேவை.

இக்கருத்துக்கு மறுப்புரைப்போரும் உள்ளனர். திறமையும் அனுபவமும் உள்ளவர்கள் ஒரே நேரத்தில் இரண்டு வேலைகளைச் செய்ய முடியும் என்பது அவர்களின் வாதம். யானைக்கும் அடி சறுக்கும் என்னும் பழமொழியே இதற்கு விடையாகும். மனித மூளை கவனம் தேவைப்படும் இரண்டு செயல்களை உண்மையில் ஒருசேரச் செய்வதில்லை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கிறது. அத்தாவலுக்கு இடைப்பட்ட கணத்தில் கண் பார்த்தும் மனம் காணாத நிலை உண்டாகிறது. விளக்கில்லாத ஓடுபாதையைப் பார்த்தும் விமானம் நிற்காமல் போனது இதனால்தான் என்று கருத இடமுண்டு.

வேறு சிலர், பேச்சைத் தடுத்தால் விமானிகளிடையே ஒத்துழைப்பு குன்றிவிடும் என்பர். இதுவும் முழுமையான உண்மையன்று. விதி தடுப்பது தொடர்பற்ற பேச்சைத்தான். “இந்தப் பாதை சரியானதுதானா?” என்று கேட்பதை எந்த விதியும் தடுக்கவில்லை. வெட்டிப் பேச்சு நின்றால்தான் அத்தகைய முக்கியமான கேள்வி காதில் விழும். இன்னும் சிலர், விமானம் நிற்கும் இடத்தைத் திரையில் காட்டும் கருவிகள் வந்துவிட்டதால் கவலை வேண்டா என்பர். அக்கருவிகள் பயனுள்ளவையே. எனினும், திரையைப் பார்க்கக் குனியும் தலை வெளியே பார்ப்பதில்லை. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் விமானம், விமானி ஐந்து வினாடி குனிந்திருப்பதற்குள் ஏறக்குறைய 28 மீட்டர் தூரத்தைக் கடந்துவிடும். வரைபடத்தைப் பார்க்க வேண்டுமென்றால் விமானத்தை நிறுத்திவிட்டுப் பார்ப்பதே முறை.

இவை யாவும் விமானிகளுக்கான செய்திகள், ரவாங்கில் வாழும் ஒரு மாணவருக்கு இதனால் என்ன பயன் என்ற கேள்வி எழலாம். ரவாங்கிலிருந்து சுபாங் விமான நிலையம் வெகுதொலைவில் இல்லை. மலாக்கா விமான நிலையத்தில் விமானப் பயிற்சிக் கழகமும் இயங்குகிறது. இன்று இப்பாடத்தைப் படிக்கும் மாணவர்களுள் சிலர் நாளை விமானிகளாகவோ கட்டுப்பாட்டுக் கோபுர அதிகாரிகளாகவோ பணியாற்றக்கூடும். ஆனால், அதற்கும் முன்பாகவே பெரும்பாலோர் ஓர் ஊர்தியின் பிடியைக் கையில் பற்றப் போகின்றனர். மலேசியாவில் 16 வயதில் மோட்டார் சைக்கிள் உரிமமும் 17 வயதில் மகிழுந்து உரிமமும் பெறலாம். அந்த நாள் நெருங்கிக்கொண்டிருப்பவர்களுக்கே இச்செய்தி முதலில் உரியது.

ரவாங் பட்டணத்தில் காலை ஏழு மணிக்குப் பள்ளி வாயில்களின் முன் காணும் காட்சியை எண்ணிப் பார்க்கலாம். மகிழுந்துகள் ஊர்ந்து செல்கின்றன. பள்ளிப் பேருந்துகள் நிற்கின்றன. முதுகில் பையைச் சுமந்த சிறுவர்கள் ஊர்திகளுக்கிடையே புகுந்து ஓடுகின்றனர். ஊர்திகள் மெதுவாகச் செல்வதால் ஓட்டுநர்கள் சிலர் கைப்பேசியை எடுத்துக் குறுஞ்செய்தி படிக்கின்றனர். நெடுஞ்சாலையில் அவ்வாறு செய்யத் துணியாதவரும் இங்குச் செய்கிறார். “மெதுவாகத்தானே போகிறோம்” என்பதே அவருடைய சமாதானம். தரையோட்டத்தில் விமானியை ஏமாற்றும் அதே எண்ணம் இங்கு ஓட்டுநரையும் ஏமாற்றுகிறது. மெதுவாக நகரும் மகிழுந்தும் ஒரு குழந்தையைக் கீழே தள்ளப் போதுமான எடையுடையதே. மோட்டார் சைக்கிளின் நிலை இன்னும் மோசம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் மூன்று வினாடி கைப்பேசியைப் பார்த்தால், 50 மீட்டர் தூரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்ததற்குச் சமமாகும்.

விமான விதியில் பலரும் கவனிக்காத ஒரு பகுதி உண்டு. அது விமானியை மட்டும் கட்டுப்படுத்தவில்லை; அவரை வேலைக்கு அமர்த்திய நிறுவனத்தையும் கட்டுப்படுத்துகிறது. அந்த நேரத்தில் பாதுகாப்புக்குத் தொடர்பில்லாத பணிகளைச் செய்யுமாறு நிறுவனம் விமானியிடம் கேட்கக் கூடாது. இந்த நியாயம் நம் வீடுகளுக்கும் பொருந்தும். பிள்ளை மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருக்கிறான் என்று தெரிந்தும், “எங்கே இருக்கிறாய்?” என்று மீண்டும் மீண்டும் அழைக்கும் பெற்றோரும் அவனுடைய கவனத்தைச் சிதறடிக்கின்றனர். உணவு கொண்டுசேர்க்கும் இளைஞரைப் பாதி வழியில் அழைத்து, “இன்னும் வரவில்லையே!” என்று கடிந்துகொள்ளும் வாடிக்கையாளருக்கும் இதில் பங்குண்டு. அன்பினாலோ அவசரத்தினாலோ அழைப்பவர்கள் அவர்கள். தீங்கு எண்ணுபவர்கள் அல்லர். ஆயினும், கைப்பேசியை எடுத்தவரை மட்டும் குறைகூறிவிட்டு, அழைத்தவர் ஒதுங்கிக்கொள்வது பொருத்தமன்று.

திருவள்ளுவர் பொருட்பாலில் ‘பொச்சாவாமை’ என்னும் ஓர் அதிகாரத்தை அமைத்துள்ளார். பொச்சாப்பு என்றால் மகிழ்ச்சியாலோ மிதப்பாலோ உண்டாகும் மறதி, கடமையில் சோர்வு. ஆபத்தின் நடுவில் இருப்பவன் விழிப்பாகவே இருப்பான். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று எண்ணுபவனே சோர்ந்துபோவான். விமானம் கண்டுபிடிக்கப்படுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே தமிழ்ச் சிந்தனை இந்த மனித இயல்பை அடையாளம் கண்டிருப்பது எண்ணத்தக்கது.

சட்டம் மட்டுமே இதற்குத் தீர்வாகிவிடாது. வாகனம் ஓட்டும்போது கைப்பேசியைக் கையில் வைத்துப் பயன்படுத்துவதை மலேசியச் சட்டம் ஏற்கெனவே தடுத்துள்ளது. ஆனால், ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு காவலரை நிறுத்த இயலாது. தனியாகச் செல்லும் சிறிய விமானத்திலும் யாரும் உடன் அமர்ந்து கண்காணிப்பதில்லை. ஆகவே, விதி பழக்கமாக மாற வேண்டும். இயந்திரத்தை முடுக்குவதற்கு முன்னரே கைப்பேசியின் ஒலியை அடக்கிப் பைக்குள் வைத்துவிடுவது முதல் பழக்கம். வழி தெரியவில்லை என்றால் ஓரமாக நிறுத்திவிட்டுப் பார்ப்பது இரண்டாவது. சாலையில் இருப்பவரை அழைக்காமல், அவர் வந்துசேரும் வரை பொறுத்திருப்பது மூன்றாவது. உடன் பயணம் செய்பவர் ஏதேனும் தவற்றைக் கண்டால் தயங்காமல் சொல்வதும், ஓட்டுபவர் அதனைக் கேட்டு ஊர்தியை நிறுத்துவதும் நான்காவது. இவற்றுள் எதற்கும் பணம் செலவாகாது.

லெக்சிங்டன் ஓடுபாதையில் விளக்கு எரியாததைக் கண்டவர் ஒருவர் இருந்தார். கண்டதைச் சொல்லவும் செய்தார். குறைவாக இருந்தது, நின்று யோசிப்பதற்கான சில வினாடிகள் மட்டுமே. அந்த வினாடிகள் ஒவ்வொரு பயணத்திலும் நம் கையில் உள்ளன. அவற்றைக் கைப்பேசிக்கும் வீண் பேச்சுக்கும் கொடுப்பதா, உயிர்களைக் காப்பதற்குக் கொடுப்பதா என்பதை விரைவில் உரிமம் பெறவிருக்கும் இளையோர் இன்றே தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.